பண்டாரவளைத் தொட்டியில் ஒரு டக் சத்தம்

1. கண்ணாடி வெடிக்கப் போகிறது

"ராஜேஸு, தொட்டி வெடிக்கப் போகுது! டக்கு டக்குனு சத்தம் கேக்குது. உடனே வா புள்ள, இல்லாட்டி ஹோல் முழுக்கக் கடலாயிரும்!"

பண்டாரவளையிலிருந்து ஃபரீதா ராத்தா போனில் கத்தியபோது நான் பதுளைக் கடையில் கப்பி மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். ராத்தா என்று நான் கூப்பிடும் அந்த அக்காவின் கணவர் ரிஸ்வி நானா பண்டாரவளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். அவர்கள் வீட்டு ஹோலில் பன்னிரண்டு நாளைக்கு முன்புதான் உப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்துவிட்டு வந்திருந்தேன். மூலைகளுக்கு சிலிக்கன் பூசியதும் என் கைதான். வெடித்தால் யாருடைய தலை உருளும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், "உப்புத் தண்ணித் தொட்டிக்கு முதல்ல என்னக்கா படிக்கணும்?" என்று கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிற கதை என்று நினைத்து வந்தால் ஏமாந்து போவீர்கள்.

நான் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். அந்த ஸ்டோரை மூடிவிட்டார்கள். முழங்கால் தேய்ந்துபோயிருந்ததால் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறிக் கொழுந்தெடுக்கப் போக முடியவில்லை. பதுளையில் நிசார் முதலாளியின் அலங்கார மீன் கடைக்குக் கூட்டிப் பெருக்கத்தான் முதலில் வந்தேன். பிறகு தொட்டி கழுவினேன். அப்புறம் மீன் பிடிக்கப் பழகினேன். கடைசியில் வீடு வீடாகப் போய்த் தொட்டி பார்க்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. விழுந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

சிலிக்கன் குழாயைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ராத்தா வீட்டில் கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கப் போகிற மாதிரி ஏற்பாடு. விரிப்பைச் சுருட்டி வைத்திருந்தார். சோபாவைச் சுவரோடு தள்ளியிருந்தார். டிவியை மேசையிலிருந்து இறக்கி அறைக்குள் கொண்டுபோய்விட்டார். அவர் மட்டும் தரை கூட்டுகிற தும்புத்தடியோடு வாசலில் நின்றார்.

"தண்ணிய அதால தடுப்பீங்களா ராத்தா?" என்று கேட்டேன்.

"சிரிக்காத. காத வச்சுக் கேளு."

வைத்தேன். டக். யாரோ நகத்தால் கண்ணாடியைச் சுண்டியது போல இருந்தது. மூலைகளைத் தடவிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம் இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி டக். இந்த முறை காது சரியாக இடத்தைப் பிடித்துவிட்டது. சத்தம் கண்ணாடியிலிருந்து வரவில்லை. மணலுக்குள்ளிருந்து வந்தது.

2. தீனி என்று நினைத்த இறால்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்தத் தொட்டியில் இருந்தது ஒரே ஒரு மீன். கடைப்பேர் கோபி. பொத்துவில் பக்கத்து மீன்காரர்கள் இந்த இனத்தை உளுவை என்பார்கள். விரல் நீளம், மஞ்சள் உடம்பு, அதில் நீலப் பொட்டுகள். கண் இரண்டும் தலை உச்சியில் இருக்கும். வாய் எந்நேரமும் கீழ்நோக்கி வளைந்திருக்கும். எங்கள் தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிற கணக்கப்பிள்ளைக்கு அச்சு அசல் அதே முகம். நீந்துகிற மீன் இல்லை இது. மணலில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனை முறைத்துக்கொண்டிருக்கும். பயந்தால் மட்டும் மேலே துள்ளி வெளியே விழுந்துவிடும். அதனால் தொட்டிக்கு வலைமூடி கட்டாயம்.

கொழும்பிலிருந்து இந்தக் கோபி வந்த பையிலேயே சின்ன இறால் ஒன்றும் கிடந்தது. நிசார் முதலாளி பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"பயணத்துக்குத் தீனியும் சேத்துப் போட்டிருக்கானுவ. நல்ல ஆளுங்க," என்றார்.

நானும் நம்பினேன். ராத்தா வீட்டுத் தொட்டியில் இரண்டையும் விட்டேன். மறுநாளே இறாலைக் காணவில்லை. மீன் சாப்பிட்டுவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம்.

இப்போது டோர்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தேன். கல்லுக்கு அடியில் ஒரு பொந்து. அதன் வாசலில் கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னாலிருந்து அந்த இறால் வந்தது. இரண்டு கையாலும் மணலை அள்ளி முன்னால் தள்ளிக்கொண்டு வந்து, வாசலுக்கு வெளியே கொட்டிவிட்டு உள்ளே போனது. திரும்ப வந்தது, திரும்பக் கொட்டியது. ஒரு கை மட்டும் பெரிதாக, இடுக்கி மாதிரி இருந்தது. அந்தப் பெரிய கையைப் படக்கென்று மூடும்போதுதான் டக். பிஸ்டல் இறால் என்பது அதன் பேர் என்று பிறகு போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

என்னை அங்கேயே உட்கார வைத்தது வேறொரு விஷயம். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் மீசை ஒன்றை மீனின் உடம்பில் தொட்டபடியே வைத்திருந்தது. நான் விரலைக் கண்ணாடி அருகே கொண்டுபோனேன். மீன் வாலை லேசாக ஒரு ஆட்டு ஆட்டியது. கையிலிருந்த மணலை அப்படியே போட்டுவிட்டு இறால் பின்பக்கமாகவே உள்ளே ஓடியது. விரலை எடுத்தேன். கொஞ்சம் பொறுத்து மீசை மெதுவாக எட்டிப் பார்த்து, மீனைத் தேடித் தொட்டது. இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. மீன்தான் அதற்குக் கண். பொந்து தோண்ட மீனுக்கு வராது. அந்த வேலை இறாலுடையது.

ராத்தாவும் தும்புத்தடியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அப்ப இவரு வெளிய காவலு, அது உள்ள வேலை," என்றார். "எங்க வீட்டுலயும் இதே ஏற்பாடுதான் ராஜேஸு. என்ன, எங்க காவலு காலைல கடைக்குப் போனா ராவைக்குத்தான் வருது."

அன்றிலிருந்து ராத்தா டக் சத்தத்துக்குப் பயப்படவில்லை. எண்ணத் தொடங்கிவிட்டார். "இண்டைக்குக் காலைல நாலு," என்று எனக்கு போனில் தகவல் வரும்.

3. கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்

எங்கள் கடையின் பெருமையே அசல் கடல் தண்ணீர்தான். மற்றவர்கள் உப்புப் பொடியைக் கரைப்பார்கள். எங்களுக்குப் பொத்துவிலிலிருந்து மொனராகலை, பசறை வழியாக மீன் லொறி வரும். அந்த லொறியில் நீலக் கேன்களில் கடல் வந்து இறங்கும். "கடல் மீனுக்குக் கடல் தண்ணி, வேற பேச்சு இல்ல," என்பார் நிசார் முதலாளி. இந்த மலையில் இருந்துகொண்டு கடலைக் கேனில் வைத்திருக்கிறோம் என்ற கர்வம் எனக்கும் உண்டு.

பண்டாரவளைக் குளிருக்குத் தொட்டிக்குள் ஹீட்டர் எந்நேரமும் எரிய வேண்டும். மேலே இருப்பது வெறும் வலைமூடி. தண்ணீர் சீக்கிரம் குறையும். வாரா வாரம் நான் கேனோடு பஸ் ஏறி, குறைந்த அளவுக்குக் கடல் தண்ணீரை ஊற்றி நிரப்புவேன். கண்டக்டர் பையன்கள் "அக்கா, கடலோட வாறாங்க, எடம் விடுங்க" என்று கிண்டல் பண்ணுவார்கள்.

இதற்கு முன் கடையில் வைத்து இதே மாதிரித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்ட இரண்டு கோபிகள் இரண்டாவது மாதத்தைத் தாண்டவில்லை. முதலாவதுக்குக் குளிர் என்றோம். இரண்டாவதுக்குக் கண்ணூறு என்றோம். உப்பின் அளவு பார்க்க முள் வைத்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்று கடையில் இருந்தது. தண்ணீரை அதில் நிரப்பினால் உப்புக்குத் தக்கபடி முள் உயரும். அந்த இரண்டு மீனும் சோர்ந்து கிடந்தபோது பார்த்தால், முள் எங்கள் தொட்டித் தண்ணீருக்கு உச்சியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

"அசல் கடல் தண்ணிக்கு இப்படிக் காட்டுமா? முள்ளு பழுது," என்று முதலாளி அதை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். பழுதாகத்தான் இருக்கும் என்று நானும் தலையாட்டினேன்.

ராத்தா வீட்டுத் தொட்டிக்கு ஏழாவது வாரம் நடந்தபோது காலையில் போன் வந்தது. இந்த முறை அவர் கத்தவில்லை.

"ராஜேஸு, சத்தம் இல்ல. நேத்தும் இல்ல, இண்டைக்கும் இல்ல."

"மீனு?"

"வாசலுக்கு வரல்ல. தல மட்டும் கொஞ்சம் தெரியுது. மஞ்சளே போயிட்டு."

போனை வைத்ததும் முதலாளி என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். கெட்ட மனுஷன் இல்லை அவர். ஆனால் இரண்டு தடவை ஏமாந்தவர்.

"இது மூணாவது," என்றார். "கடைல செத்தா நமக்குள்ள. வாடிக்கையாளர் வீட்டுல செத்தா பண்டாரவளை முழுக்கப் பேசுவாங்க. இதுவும் போனா உப்புத் தண்ணி வேலைய நான் விட்டுருவேன். கப்பி மீனுக்கு ரெண்டு பேரு தேவையில்ல ராஜேஸு. பாத்துக்கங்க."

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கடையை விட்டால் எனக்கு மலைதான். மலைக்கு என் முழங்கால் சம்மதிக்காது. வழக்கம்போலக் கடல் தண்ணீர்க் கேனோடு பஸ் ஏறினேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலை போவதைப் பற்றி நினைத்த நேரத்தில் பாதி நேரம், அந்த மீசை மீனைத் தேடித் தடவுவதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மீன் போய்விட்டால் அது யாரைத் தொடும்?

4. இரண்டு போத்தல்

தொட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். ஹீட்டர் சரியாக எரிந்தது. காற்று மோட்டார் ஓடியது. செத்துக் கிடப்பது எதுவும் இல்லை. மீன் பொந்துக்குள்ளே, செவுள் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. இறாலின் அசைவே தெரியவில்லை.

ராத்தா துணியை எடுத்துக்கொண்டு வந்து வலைமூடியின் ஓரத்தைத் துடைத்தார்.

"இந்த வெள்ளைப் படை வேற. நாளுக்கு ரெண்டு தரம் தொடைக்கிறேன். முந்தி இவ்வளவு இல்ல."

விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. தொட்டித் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது என்பது தொழிலில் முதல் விதி. அன்று நான் அதையும் மீறினேன், நீங்கள் மீறாதீர்கள். தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு, கையோடு கொண்டுபோன கேன் தண்ணீரில் ஒரு சொட்டு. கேன் தண்ணீர் கரித்தது. தொட்டித் தண்ணீர் நாக்கைச் சுட்டுக் கசந்தது. கேனிலிருந்துதானே தொட்டிக்கு ஊற்றினேன்? மேலதிக உப்பு எங்கிருந்து வந்தது? யாராவது உப்புப் போட்டார்களா என்று ராத்தாவிடம் கேட்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இரண்டு தண்ணீரையும் இரண்டு போத்தலில் பிடித்துக்கொண்டு கடைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். மடியில் இரண்டு போத்தல். தெமோதரையைத் தாண்டி ஒரு ஸ்டோரின் ஓரமாகப் பஸ் வளையும்போது, திறந்திருந்த ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்தது. வாடுகிற கொழுந்தின் வாசனை.

பத்தொன்பது வருஷம் மூக்கில் ஏறின வாசனை. மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைக் கொண்டுவந்து கொட்டுவோம். நீளத் தட்டில் பரப்புவோம். அடியிலிருந்து காற்றாடி ஊதும். மறுநாள் காலையில் அதே கொழுந்தை அள்ளினால் பாரம் பாதிக்குப் பக்கம். புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம், தூளின் பக்குவத்துக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா அதை நிறுத்துக் காட்டி, "மிச்சப் பாரத்த யாரு களவெடுத்தா?" என்று கேட்பார். எல்லோரும் முழிப்போம். "தண்ணி மட்டுந்தான் போச்சு. சாறு, சாயம், ருசி அம்புட்டும் இலைக்குள்ளதான் இருக்கு, முந்தினதவிடக் கெட்டியா," என்பார். நானே எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

தண்ணீர் மட்டும்தான் போகும்.

தொட்டியிலும் அப்படித்தானே! ஹீட்டர் சூட்டில் வாரா வாரம் போனது வெறும் தண்ணீர். உப்பு அங்கேயே நின்றது. குறைந்த இடத்தில் நான் மறுபடி உப்புத் தண்ணீரை ஊற்றினேன். அடுத்த வாரம் இன்னும் உப்பு. அதற்கடுத்த வாரம் இன்னும். அசல் கடல், அசல் கடல் என்று பெருமையடித்துக்கொண்டே அந்த மீனை ஊறுகாய் போட்டிருக்கிறேன்.

"அட மூதேவி!" என்று என்னை நானே சத்தமாகத் திட்டிவிட்டேன். முன் சீட்டுப் பொம்பிளை திரும்பி, "யாரைம்மா சொல்றீங்க?" என்று சண்டைக்கு வந்தார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் பதுளை வந்துவிட்டது.

கடைக்குள் போனதும், "முதலாளி, அந்த முள்ளுப் பெட்டிய எடுங்க," என்றேன்.

"அது பழுதுன்னு..."

"எடுங்க முதலாளி."

முதல் போத்தலை ஊற்றினேன், லொறியில் வந்த கடல் தண்ணீர். முள் எழுந்து வந்து, பச்சை நிறம் அடித்திருந்த இடத்தில் நடுவாக நின்றது. அதுதான் சரியான உப்பு. கழுவிவிட்டு இரண்டாவதை ஊற்றினேன். முள் பச்சையைத் தாண்டி, சிவப்பைத் தாண்டி, உச்சியில் போய் ஒட்டிக்கொண்டது.

நிசார் முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அப்ப முள்ளு உண்மையத்தான் சொல்லிருக்கு," என்றார்.

"ஆமாங்க. நம்மதான் அதப் பூட்டி வச்சோம்."

அவர் முதல் இரண்டு கோபிகள் இருந்த வெறும் தொட்டியை ஒரு தடவை பார்த்தார். நானும் பார்த்தேன். குளிருமில்லை, கண்ணூறுமில்லை. அந்த இரண்டையும் கொன்றது நான்தான். வாரா வாரம், கையாலேயே ஊற்றி.

5. அரை ஜக்கு

மறுநாள் காலை கேன் நிறையப் பீலித் தண்ணீர் பிடித்தேன். தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, தேயிலை மலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஊறிக் குழாய் வழியாக வருகிற தண்ணீர் அது. தேயிலைக்கு அடிக்கிற மருந்தும் அதில் கலக்காது, டவுன் பைப்பில் போடுகிற குளோரினும் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு பண்டாரவளைக்குப் போனேன்.

ராத்தாவிடம் ஒரு பெரிய பிரசங்கமே செய்தேன். கொழுந்து, காற்றாடி, பாரம், சாறு, உப்பு என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"அதாவது, அடுப்புல ஆணம் வத்துனா பச்சத் தண்ணி ஊத்தோணும், உப்புத் தண்ணி ஊத்தப் படாது. இதத்தானே சொல்றே?"

"ஆமா ராத்தா."

"இத என்னட்டக் கேட்டிருந்தா முதல் கிழமையே சொல்லியிருப்பேனே. நீ என்னவோ கேனோட வந்து மந்திரிச்ச மாதிரி ஊத்தினே, பெரிய விஷயமாக்கும்னு பேசாம இருந்தேன்."

நான் குனிந்து பீலித் தண்ணீர்க் கேனின் மூடியைத் திறந்தேன்.

உப்பைக் குறைப்பது தெரிந்துவிட்டது. ஆனால் ஒரே நாளில் குறைத்தால் அந்த அதிர்ச்சியிலேயே மீன் போய்விடும். அவசரப்பட்டுக் காற்றாடியை வேகமாக விட்டால் கொழுந்து ஓரம் கருகுமே, அதே கதைதான். கண்ணாடியில் டேப் ஒட்டிக் கோடு போட்டேன். காலையில் அரை ஜக்குத் தொட்டித் தண்ணீரை எடுத்து வெளியே கொட்டிவிட்டு, அரை ஜக்குப் பீலித் தண்ணீர் சேர்க்க வேண்டும். பின்னேரம் இன்னொரு தரம். கோடு தாண்டக் கூடாது. தினமும் என்னால் வர முடியாது என்பதால் ஜக்கை ராத்தா கையில் கொடுத்தேன்.

"நான் ஊத்தி அது செத்துட்டா?"

"நான் ஊத்தித்தான் அது சாகப் போச்சு, ராத்தா. உங்க கை பரவாயில்ல."

நான் இரண்டு நாளைக்கொரு தடவை முள்ளுப் பெட்டியோடு போனேன். முள் உச்சியை விட்டு இறங்கியது. சிவப்புக்குள் வந்தது. மீன் அதே இடத்தில் கிடந்தது. இறாலைக் காணவே இல்லை. ஐந்தாம் நாள் மீன் தலையை வெளியே நீட்டியது, தீனியைத் தொடவில்லை. ஏழாம் நாள் ஒரு துணுக்கு இறால் இறைச்சியைக் கவ்வித் துப்பியது. ராத்தா அதை வீடியோ எடுத்து அனுப்பினார். முதலாளி அந்தத் துப்பலை மூன்று தரம் போட்டுப் பார்த்தார்.

"துப்பிறதுக்கும் ஒரு உயிரு வேணுமே," என்றார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

எட்டாம் நாள் முள் பச்சையில் வந்து நின்றது. இனி என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோதுதான் எனக்குப் பயம் அதிகமாயிற்று.

இப்போது உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிற ஆறு வீடுகள் என் பொறுப்பில் இருக்கின்றன. எல்லாத் தொட்டியிலும் டேப்பில் கோடு உண்டு. எல்லா வீட்டிலும் பீலித் தண்ணீர் கேன் ஒன்று உண்டு. முதலில் என்ன படிக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒன்று குறைந்தால், குறைந்தது எது, நின்றது எது என்று முதலில் கேளுங்கள். அளக்கிற கருவி பிடிக்காத பதிலைச் சொன்னால் அதைப் பூட்டி வைக்காதீர்கள். புது வேலைக்கு வரும்போது பழைய வேலையில் படித்ததை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வராதீர்கள். எனக்குத் தெரியாத விஷயத்தால் அந்த இரண்டு மீனும் சாகவில்லை. தெரிந்ததை மேல்மாடியிலேயே விட்டுவிட்டு வந்ததால்தான் செத்தன.

முள் பச்சைக்கு வந்த மறுநாள், அந்த ஒன்பதாம் நாள் காலை, கடையில் போன் அடித்தது. முதலாளி எடுத்தார், "ஹலோ, ஹலோ" என்றார். பதில் இல்லை. முகம் மாறி, போனை என் பக்கம் நீட்டினார். காதில் வைத்தேன். ஃபரீதா ராத்தா மூச்சு விடுவது கேட்டது, பேசவில்லை. காற்று மோட்டாரின் குமிழிச் சத்தம் மட்டும் பக்கத்தில் கேட்டது. போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்திருக்கிறார் என்று புரிந்தது. நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

டக்.

"ஒண்ணு," என்றார் ராத்தா.